விலங்குகளைக் கவனித்தால் நம் உடம்பைப் பற்றி என்ன தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் கூண்டுக்குள் இருக்கும் வெள்ளை எலிதான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் பெரும்பாலும் கூண்டுக்கு வெளியே நடந்ததைப் பற்றியது. கோழிக் கொட்டில், மீனவர் குப்பம், காடு, உயிரியல் பூங்கா என்று எங்கேயோ ஒருவர் ஒரு விலங்கை உற்றுப் பார்த்திருக்கிறார். அவர் பார்த்ததை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டபோது உயிர்கள் பிழைத்தன, கேட்காதபோது போயின. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

விலங்கின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

வேறுபாடு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. இதயம், சிறுநீரகம், நரம்பு, ஹார்மோன், காயம் பட்டால் ரத்தம் உறைவது எல்லாமே பாலூட்டிகளிடம் ஏறக்குறைய ஒரே அடிப்படையில்தான் இயங்குகின்றன. பறவை, ஊர்வனவற்றிடமும் பெரும்பகுதி ஒத்துப்போகும்.

விலங்குகளிடமிருந்து இரண்டு வழிகளில் கற்றுக்கொள்கிறோம். நமக்கு வரும் நோய் அதற்கும் வந்தால், காரணத்தைத் தேட ஒரு வழி திறக்கிறது. நமக்கு வரும் நோய் அதற்கு வந்தே ஆக வேண்டும் என்ற நிலையிலும் வராமல் இருந்தால், அது எப்படித் தப்பித்தது என்று பார்க்கலாம். எனக்குக் கூடுதல் ஆர்வம் இந்த இரண்டாவதில்தான். ஆனால் முதல் வகையிலும் அசத்தலான கதைகள் உண்டு.

அப்படி ஒரு கதை சொல்லுங்களேன். விலங்கைப் பார்த்து உண்மையிலேயே ஒரு நோயின் காரணம் தெரிந்ததா?

தெரிந்தது. பெரிபெரி. அதைக் காட்டிக்கொடுத்தவை கோழிகள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவாவில் சிப்பாய்களும் கைதிகளும் கால் மரத்து, நடை தள்ளாடி, இதயம் பலவீனப்பட்டு இறந்துகொண்டிருந்தார்கள். கிருமிகள் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்ட காலம் அது, எனவே இதற்கும் ஒரு கிருமிதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ராணுவ மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்த கிறிஸ்டியான் ஐக்மானும் அந்தக் கிருமியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு வைத்திருந்த கோழிகளுக்குத் தள்ளாட்டம் வந்தது. நோய் ஏற்றப்பட்டவை, ஏற்றப்படாதவை என்ற வித்தியாசமே இல்லை. அப்புறம் திடீரென்று எல்லாம் தாமாகவே தேறிவிட்டன.

என்ன மாறியது என்று விசாரித்தார். கோழிகளுக்குக் கொஞ்ச காலமாக மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துக்கான அரிசியைக் கோழிக்குப் போட முடியாது என்று நிறுத்திவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் நடக்க ஆரம்பித்தன. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தாலும் குணமாயிற்று.

இது மனிதர்களுக்கும் பொருந்துமா என்று பார்க்க, அடோல்ஃப் வோர்டர்மான் என்ற மருத்துவ அதிகாரி ஜாவாவின் சுமார் நூறு சிறைகளில் என்ன அரிசி போடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் பெரிபெரி மிக அதிகம், தவிடு நீங்காத அரிசி போட்ட இடங்களில் அது அரிது. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும்தான் ஐக்மான் நெடுநாள் நினைத்தார். உணவில் ஒரு பொருள் குறைவதுதான் நோய் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே வந்த ஹெரிட் கிரைன்ஸ். அந்தப் பொருளைத்தான் இன்று தயமின், வைட்டமின் பி1 என்கிறோம். 1926இல் அதே பட்டாவியாவில் அரிசித் தவிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதே காலத்தில் மலாயாவின் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பக்கத்திலேயே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அதிகம் வரவில்லை. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி என்பதை அங்கிருந்த ஆங்கிலேய மருத்துவர்கள் கவனித்தார்கள். 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, புழுங்கலரிசிப் பக்கம் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது.

யானைக்குப் புற்றுநோய் வராது என்கிறார்களே, உண்மையா?

வரும். ஆனால் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு.

புற்றுநோய் என்பது ஓர் உயிரணு கட்டுமீறிப் பெருகுவது. அப்படியானால் உயிரணுக்கள் அதிகமாக உள்ள, நீண்ட நாள் வாழும் விலங்குக்கு ஆபத்து அதிகமாக இருக்க வேண்டும். யானை, திமிங்கிலமெல்லாம் புற்றுநோயால் அழிந்தே போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இந்தப் புதிரை 1970களில் எடுத்துச் சொன்னவர் ரிச்சர்ட் பீட்டோ என்ற பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் அறிஞர்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்கான புற்றுநோய் மருத்துவர் ஜோஷுவா ஷிஃப்மன். டிபி53 என்ற மரபணுவில் பழுதோடு பிறந்து, சிறு வயதிலேயே அடுத்தடுத்துப் புற்றுநோய் வரும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிப்பவர். உயிரணுவின் மரபுப்பொருள் சேதமானால் அதைச் சரிசெய்ய வைப்பதும், முடியாதபோது அந்த உயிரணுவை மடியச் செய்வதும் அந்த மரபணுவின் வேலை. நமக்கு அது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. யானைக்கு இருபது இணை, அதாவது நாற்பது பிரதி. ஷிஃப்மன் குழுவினர் வழக்கமான பரிசோதனைக்காக யானைகளிடம் எடுக்கும் ரத்தத்தில் கொஞ்சம் வாங்கி, அந்த உயிரணுக்கள் மீது கதிர்வீச்சைப் பாய்ச்சினார்கள். சேதமான யானை உயிரணுக்கள் மனித உயிரணுக்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தாமாகவே மடிந்தன. 2015இல் இது வெளியானது. சிகாகோவில் வின்சென்ட் லிஞ்ச் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது.

இதிலிருந்து மருந்து வந்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. அந்தக் கூடுதல் பிரதிகள் எல்லாமே முழுமையாக வேலை செய்பவையும் அல்ல. யானையின் உடம்பிலிருந்து எதையாவது எடுத்துத் தின்றாலோ அணிந்தாலோ பலன் வரும் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். பாடம் மரபணுவில் இருக்கிறது, அதைப் படிக்கக் கொஞ்சம் ரத்தம் போதும்.

ரத்த அழுத்தம், ரத்தம் கட்டிக்கொள்வது போன்ற சாதாரணப் பிரச்சினைகளுக்கு ஏதாவது?

ஒட்டகச்சிவிங்கிக்கு இரண்டு மீட்டர் கழுத்து. அவ்வளவு உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற அதன் ரத்த அழுத்தம் நம்முடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தாக வேண்டும். நமக்கு அந்த அளவு இருந்தால் சில ஆண்டுகளில் இதயமும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். அது சாகும்வரை அப்படியே நடமாடுகிறது. ஒட்டகச்சிவிங்கியிடம் மற்ற விலங்குகளிலிருந்து வெகுவாக மாறியிருக்கும் ஒரு மரபணுவை எலிக்குள் வைத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருளைக் கொடுத்தும் அந்த எலிகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

கரடி இன்னும் வியப்பு. நாம் நீண்ட விமானப் பயணம் செய்தாலே, அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்தே கிடந்தாலே காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் உயிரைக் குடிக்கலாம். சுவீடனின் பழுப்புக் கரடி குளிர்காலத்தில் ஆறு மாதம் வரை குகையில் அசையாமல் கிடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் குளிர்காலத்தில் பனிக்குள் தூங்கும் கரடியிடமும், கோடையில் அதே கரடியிடமும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். ரத்தத் தட்டணுக்களில் இருக்கும் ஒரு புரதம் குளிர்காலத்தில் ஐம்பது மடங்குக்கும் மேல் குறைந்திருந்தது. இதைவிட முக்கியமானது அடுத்து வந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு ஆண்டுக்கணக்கில் நடக்க முடியாதவர்களுக்கு, முதல் சில மாதங்கள் தாண்டிவிட்டால் ரத்தம் கட்டும் ஆபத்து அதிகமாக இருப்பதில்லை. ஏன் என்று மருத்துவர்களுக்குப் புரியாமல் இருந்தது. அவர்களிடமும் அதே புரதம் குறைந்திருந்தது. 2023இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கரடியின் உடம்பில் இருக்கும் தற்காப்பு நம் உடம்பிலும் இருக்கிறது, மெதுவாக விழிக்கிறது.

பாம்பு விஷம், பல்லி எச்சில் எல்லாம் மருந்தாகும் என்பது நாட்டு வைத்தியக் கதையா?

மருந்துக்கடையில் விற்பவை இவை. ராமிபிரில், எனாலபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் உங்கள் வீட்டில் யாராவது போடுகிறார்களா? அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை காப்டோபிரில். பிரேசிலில் ஜரராக்கா என்ற விரியன் கடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். அந்நாட்டு மருந்தியல் அறிஞர் செர்ஜியோ ஃபெரேரா 1960களில் அந்த நஞ்சில் காரணத்தைத் தேடினார். அங்கே கிடைத்த தடயத்தைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் செய்த மாத்திரை 1981இல் அங்கீகாரம் பெற்றது.

சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் இன்று போடப்படும் ஜிஎல்பி-1 ஊசிகளுக்கு வழி காட்டியது அமெரிக்கப் பாலைவனத்தின் கீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லி. நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும், மருந்தாகப் பயன்படாது. நியூயார்க்கில் ஜான் எங் 1992இல் அந்தப் பல்லியின் நஞ்சில் கண்டுபிடித்த பொருள் அதே வேலையைச் செய்தது, மணிக்கணக்கில் சிதையாமலும் நின்றது. அதிலிருந்து வந்த எக்ஸெனடைட் 2005இல் விற்பனைக்கு வந்தது.

நம் ஊரில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் பிழைப்பை இழந்த இருளர்கள் அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, சில வாரத்தில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்து பெரும்பாலும் இந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறு அளவில் செலுத்தித்தான் தயாராகிறது. இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வட இந்தியாவுக்கும் வடகிழக்குக்கும் அந்தந்த வட்டாரத்துப் பாம்பின் நஞ்சிலிருந்தே மருந்து செய்ய வேண்டும் என்ற கோரிக்கை இப்போது வலுத்திருக்கிறது. அது நியாயமான கோரிக்கை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது.

விலங்குகள் தமக்குத் தாமே வைத்தியம் செய்துகொள்ளுமா?

செய்துகொள்ளும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1987இல் தான்சானியாவின் மஹாலே மலைக்காட்டில் சௌசிகு என்ற பெண் சிம்பன்சி சோர்ந்து கிடந்தது. அது ஒரு செடியின் தண்டை உரித்து, கசப்பான உள்சாற்றை மட்டும் உறிஞ்சியது. வழக்கமாகச் சிம்பன்சிகள் தின்னும் செடி இல்லை அது. பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர் மைக்கேல் ஹஃப்மனுக்குப் புரியவில்லை. உடன் இருந்த முகமதி செய்ஃபு கலுண்டே, தோங்வே இனத்தைச் சேர்ந்தவர், அது தங்கள் மக்களும் வயிற்றுக்கோளாறுக்குப் பயன்படுத்தும் மருந்துச் செடி என்று சொன்னார். மறுநாள் அந்தச் சிம்பன்சி தேறியிருந்தது. அந்தச் செடியில் ஒட்டுண்ணிகளைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது பிறகு ஆய்வகத்தில் உறுதியானது.

2022இல் சுமத்ராவில் ராக்குஸ் என்ற ஆண் ஓராங்குட்டான், முகத்தில் பட்ட காயத்துக்கு ஒரு கொடியின் இலையை மென்று சாற்றைத் தடவி, பிறகு மென்ற இலையையே பற்றுப்போல வைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஒரே ஒரு விலங்கு, ஒரே ஒரு முறை என்பதால் இதை வைத்து எல்லா ஓராங்குட்டான்களும் வைத்தியர்கள் என்று சொல்லிவிட முடியாது.

நோயோ நஞ்சோ பரவும்போது விலங்குகள் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா?

காட்டிக்கொடுக்கும். கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடா மீனவர்கள் 1950களின் தொடக்கத்தில் தங்கள் பூனைகள் வெறிபிடித்ததுபோல் சுழன்று ஆடிக் கடலில் விழுந்து சாவதைப் பார்த்தார்கள். காக்கைகள் பறக்க முடியாமல் விழுந்தன. பூனையும் மீனவரும் தின்றது ஒரே மீன். 1956 மே 1 அன்று, அங்கிருந்த சிஸ்ஸோ ரசாயனத் தொழிற்சாலை மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹாஜிமே ஹொசோகாவா, விளக்க முடியாத நரம்பு நோய் பரவுவதாக அரசுக்குத் தெரிவித்தார். தன் நிறுவனத்தின் கழிவுநீரையே பூனைகளின் உணவில் கலந்து சோதித்தார். 1959 அக்டோபரில் 400ஆம் எண் பூனைக்கு அதே வலிப்பும் தள்ளாட்டமும் வந்தன. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. நோய்க்குக் காரணமான பாதரசம் கலந்த அந்தக் கழிவு 1968 வரை கடலில் கலந்துகொண்டே இருந்தது. ஹொசோகாவா 1970இல் மரணப் படுக்கையில் அளித்த சாட்சியத்தில்தான் அந்தப் பூனையின் கதையைச் சொன்னார். 1959க்கும் 1968க்கும் இடையில் போன ஒன்பது ஆண்டுகளில் நோயோடு பிறந்த குழந்தைகளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இன்னொன்று நியூயார்க், 1999. கோடையில் காக்கைகள் செத்து விழுந்தன. கொஞ்ச நாளில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். செயின்ட் லூயி மூளைக்காய்ச்சல் என்று சுகாதாரத் துறை அறிவித்தது. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோய்க்குறியியல் மருத்துவர் ட்ரேசி மெக்நமாரா அதை ஏற்கவில்லை. அந்த நோய் பறவைகளைக் கொல்லாது, ஆனால் அவர் பூங்காவில் பூநாரைகள் செத்துக்கொண்டிருந்தன. குதிரைகளுக்கு வரும் இன்னொரு மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்றால், அது ஈமுவை விட்டுவைக்காது, பூங்காவின் ஈமுக்கள் நன்றாக இருந்தன. மனித நோய்க்கும் பறவை நோய்க்கும் தொடர்பிருக்கிறது என்று சொன்னவரை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. மாதிரிகளைத் தானே வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பி வைத்தார். வெஸ்ட் நைல் வைரஸ் அமெரிக்கக் கண்டத்துக்குள் முதன்முறையாக நுழைந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த ஆண்டு ஏழு பேர் இறந்தார்கள்.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுப்பகுதியில் குரங்குகள் செத்துக் கிடந்ததைத் தொடர்ந்தே புதிய வைரஸ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. உண்ணி கடித்துப் பரவும் அந்தக் குரங்குக் காய்ச்சல் பிறகு வயநாடு, நீலகிரிப் பக்கமும் எட்டிப்பார்த்தது. அந்த மலைகளில் செத்த குரங்கைப் பார்த்தால் உடனே தகவல் சொல்லச் சொல்வது அதனால்தான்.

பிணந்தின்னிக் கழுகு குறைந்ததால் மனிதர்கள் செத்தார்கள் என்று படித்தேன். நம்பும்படியாக இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

1980களில் இந்தியாவில் பாறு என்றும் அழைக்கப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. ஊர்க்கோடியில் செத்த மாட்டைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும். அவற்றின் வயிற்று அமிலம் ஆந்த்ராக்ஸ் கிருமியைக்கூட அழிக்கும் அளவுக்குக் கடுமையானது. 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பறவைகளைக் கணக்கெடுத்துவந்த விபு பிரகாஷ், மரத்தில் தலை தொங்கி உட்கார்ந்திருக்கும் பாறுகளையும் காலியான கூடுகளையும் பார்த்து முதலில் குரல் கொடுத்தார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

வைரஸா, பூச்சிமருந்தா என்று தேடினார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்துக் காரணத்தைச் சொன்னது. டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாமே விழுங்கும் வலிமருந்துதான். 1990களில் அது மலிவானதும் மாட்டு வலிக்கும் காய்ச்சலுக்கும் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிந்து செத்துப்போகும். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே போதும், இனமே சரிந்துவிடும்.

பாறு போனதும் பிணங்கள் அழுகிக் கிடந்தன. தெருநாய்களும் எலிகளும் பெருகின. நீர்நிலைகள் கெட்டன. எயல் ஃபிராங்க், ஆனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள், பாறுகள் முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் இயல்பாகவே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். அதுவரை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்த இறப்பு விகிதம், பாறு அழிந்த பிறகு முதல் வகை மாவட்டங்களில் 4 சதவீதத்துக்கு மேல் கூடியது. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கு. இது புள்ளிவிவர மதிப்பீடு, ஒவ்வொரு மரணத்தையும் எண்ணிப் பார்த்தது கிடையாது. ஆனாலும் முறை கவனமானது.

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போட 2006இல் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015இல் ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். மருந்து நிறுவனங்கள் எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஆகியவையும் 2023இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் கிடைக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்கலாம்.

தென்னிந்தியாவில் பாறுகள் ஓரளவு மிஞ்சியிருக்கும் முக்கிய இடம் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே அருளகம் அமைப்பும் வனத்துறையும் ஊர் ஊராகப் போய் மாடு வளர்ப்பவர்களிடம் பேசிவருகிறார்கள்.

நிபா போன்ற நோயைப் பரப்பும் வௌவால்களை அழித்துவிட்டால் தொல்லை தீராதா?

தீராது, இன்னும் அதிகமாகும். ஆஸ்திரேலியாவில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து குதிரைக்கும் அதிலிருந்து மனிதருக்கும் ஹெண்ட்ரா வைரஸ் பரவுகிறது. அங்கே 25 ஆண்டுத் தரவுகளை அலசிய ஆய்வு 2022இல் வந்தது. குளிர்காலத்தில் பூக்கும் மரங்களை வெட்டிவிட்டதால் பசியில் வாடிய வௌவால்கள் ஊருக்குள்ளும் பண்ணைகளுக்கும் வந்தன, வைரஸையும் அதிகம் வெளியேற்றின. காட்டில் மரங்கள் நன்றாகப் பூத்த ஆண்டுகளில் அவை திரும்பிப் போய்விட்டன, குதிரைகளுக்கும் நோய் தாவவில்லை. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாமல் இருங்கள், அவை தங்கும் மரங்களை விட்டுவிடுங்கள். இத்தனை வைரஸைச் சுமந்தும் வௌவால் ஏன் நோய்வாய்ப்படுவதில்லை என்பதே இப்போது நடக்கும் பெரிய ஆராய்ச்சி.

உடம்பு சரி, மனித சுபாவத்தைப் பற்றி விலங்குகள் ஏதாவது சொல்லுமா?

இதில் நிதானம் வேண்டும். "குரங்கு இப்படிச் செய்கிறது, ஆகவே மனிதனும் இப்படித்தான்" என்று பேசுபவர்கள் அதிகம். ஆனாலும் இரண்டு ஆய்வுகளை விட மனம் வரவில்லை.

கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி பல ஆண்டுகள் பபூன் குரங்குகளைக் கவனித்தார். கூட்டத்தில் கீழ்நிலையில் இருந்து எப்போதும் அடிவாங்கும் ஆண்களிடம் மன அழுத்த ஹார்மோன் அதிகம். 1980களில் ஒரு கூட்டத்தின் மிக முரட்டு ஆண்கள், பக்கத்து சுற்றுலா விடுதியின் குப்பைக்குச் சண்டை போட்டுப் போய், காசநோய் பிடித்த இறைச்சியைத் தின்று செத்தன. மிஞ்சியவை சாதுவான ஆண்களும் பெண்களும். கூட்டம் அமைதியானது. பத்தாண்டு கழித்து, அந்த ஆண்களில் யாருமே இல்லாமல் வெளியிலிருந்து வந்த ஆண்கள் மட்டும் இருந்தபோதும் அந்த அமைதி நீடித்தது. கீழ்நிலை ஆண்களுக்கு அங்கே பழைய அழுத்தமும் இல்லை. முரட்டுத்தனம் பிறவிக்குணம், மாறாது என்று சொல்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

இன்னொன்று போர்ட்டோ ரிக்கோவின் கயோ சாந்தியாகோ தீவு. 1938இல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன சுமார் 400 செம்முகக் குரங்குகளின் வாரிசுகள் அங்கே வாழ்கின்றன. 2017இல் மரியா புயல் மரங்களை எல்லாம் முறித்துப்போட்டது, நிழல் அருகிவிட்டது. சண்டைக்குப் பேர்போன அந்தக் குரங்குகள் அதன்பின் ஒன்றையொன்று சகித்துக்கொண்டு நிழலைப் பகிர்ந்தன. அப்படிச் சகித்தவை பிழைத்திருக்கும் வாய்ப்பும் கூடியது. அதே நேரம், புயலைக் கடந்த குரங்குகளின் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் சராசரியாக இரண்டு ஆண்டு முதுமை கூடியவைபோல் மாறியிருந்தன. மனித ஆயுளில் அது ஏழெட்டு ஆண்டு. பேரிடரில் பிழைத்தவர்களை நம் மருத்துவமனைகள் எவ்வளவு காலம் கவனிக்க வேண்டும் என்பதை இதிலிருந்து யோசிக்கலாம்.

எலியில் பலித்த மருந்து என்று செய்தி வந்தால் நம்பலாமா?

காத்திருங்கள். தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரை எலிகளுக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை. அதை விழுங்கிய கர்ப்பிணிகளின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் கை கால் வளர்ச்சியின்றிப் பிறந்தன, 1961இல் திரும்பப் பெற்றார்கள். ஓர் உயிரினத்துக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நமக்கு ஒத்துக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் பாறு கழுகைக் கொன்றதும் இதே காரணத்தால்தான். செய்தியில் எந்த விலங்கு, எத்தனை விலங்குகள், மனிதரிடம் சோதித்தார்களா என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள்.

கூண்டில் விலங்கை வதைத்துச் செய்யும் சோதனைகள் குறைய வேண்டும் என்பது என் கருத்து. மனித உயிரணுக்களை வைத்தே செய்யும் சோதனைகள் வளர்ந்துவருகின்றன. மேலே சொன்ன கரடி, யானை ஆய்வுகளுக்குத் தேவைப்பட்டது அவற்றின் கொஞ்சம் ரத்தம்தான்.

நான் விஞ்ஞானி இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

காக்கை, கோழி, குரங்கு என எதுவானாலும் ஒரே இடத்தில் பல செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம், காய்ச்சலென்று மருத்துவரிடம் போனால் வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா, வயல் நீரில் நின்றீர்களா, காட்டுக்குப் போனீர்களா, பூச்சி கடித்த தழும்பு இருக்கிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் (ஸ்க்ரப் டைபஸ்) முதல் சில நாளில் சாதாரணக் காய்ச்சல்போலவே இருக்கும். மருத்துவருக்குச் சந்தேகம் வந்து ஆரம்பத்திலேயே கொடுத்தால் இரண்டுக்கும் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் போன்ற மலிவான மருந்தே போதும்.